கொம்பும் கோடியும்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிறர் சண்டையிற் குளிர்காய்வோரைக் குறித்தே அதனைப் பொதுவாகச் சொல்வர். ஆயினும் இக்காலத்து இளைஞர் அதனைச் சொல்லுக்குச் சொல் உண்மையாக்கிக் காட்டுகின்றனர். இரண்டு நடிகர்களின் பெயரால் ஊர் இரண்டுபடுகின்றது, பள்ளிக்கூடம் இரண்டுபடுகின்றது, ஒரே வாங்கில் அருகருகே இருந்து படிக்கும் நண்பர்களும் இரண்டுபடுகின்றனர். எந்தப் படம் நல்ல படம் என்பதன்று அவர்களது வழக்கு. எந்தப் படம் கூடுதலான பணத்தை வாரிக்கொண்டது என்பதே வழக்கு.

வாகரைப் பகுதியிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் எனக்கு இவ்வழக்கை அடிக்கடி கேட்கும் பேறு வாய்த்திருக்கின்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆந் தேதி ரஜினிகாந்தின் 'ஜெயிலர்' வெளிவந்தது. ஒக்டோபர் 19ஆந் தேதி விஜயின் 'லியோ' வெளிவந்தது. முதல் வாரத்தில் 375 கோடி ரூபாய் என்று முன்னதன் தயாரிப்பாளர் விளம்பரஞ் செய்தனர். முதல் நாளிலேயே உலகெங்கும் 148 கோடி என்று பின்னதன் தயாரிப்பாளர் விளம்பரஞ் செய்தனர். அவ்வாண்டின் இறுதி வரையில் எங்கள் மாமர நிழலில் இடைவேளைதோறும் இவ்வெண்களே மோதிக்கொண்டன. தமிழ்நாட்டுக் கணக்கு, கேரளக் கணக்கு, வெளிநாட்டுக் கணக்கு என்று ஒரு மாணவன் பிரித்துப் பிரித்து ஒப்புவித்ததைக் கேட்டு வியந்து, "படம் எப்படி இருந்தது, தம்பி?" என்று வினவினேன். "இன்னும் பாக்கல்ல சேர். ஆனா நம்மட படந்தான் முன்னுக்கு நிக்குது" என்றான்.

பார்க்காதது அவன் குற்றமன்று. வாகரையிலிருந்து படமாளிகைக்குப் போவதென்றால், பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் மட்டக்களப்புப் பக்கமாக நெடுந்தூரம் செல்லவேண்டும். அதற்குக் கையிற் காசு வேண்டும். ஒரு நாட்பொழுதும் வேண்டும். கோடிக் கணக்கோ கைத்தொலைபேசியில் வந்து விழுகின்றது. ஆனால் அவன் சொன்ன 'நம்மட' என்னும் ஒரு சொல் என் நெஞ்சை விட்டகலவில்லை. முதல் போட்டவன் அவனல்லன், நடித்தவன் அவனல்லன், பார்த்தவனும் அவனல்லன். இலாபத்தில் ஒரு சதமேனும் அவன் வீட்டுக்கு வரப்போவதில்லை. பின் எவ்வாறு அது 'நம்மட' படமாயிற்று?

கட்சி கட்டி மோதுவது மட்டக்களப்பாருக்குப் புதியதன்று. நம் முன்னோர் கண்ணகியம்மனை வேண்டிக் கொம்பு முறித்தனர். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடங்கட்டி, வடசேரியார் ஒருபுறமும் தென்சேரியார் மறுபுறமுமாக நின்று இழுப்பர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. யாருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றவர் தம் கொம்பை ஊர்வலமாக எடுத்துச் சென்று, தோற்றவரைப் பழித்துப் பாடுவர். பிறப்பாலேயே ஒருவன் வடசேரியான் அல்லது தென்சேரியான் ஆயினான். ஆதலால் அங்கும் 'நம்மட கட்சி' என்ற பேச்சு இருந்தது. வீம்பும் வசையும் இருந்தன. அவை எல்லை மீறிச் சச்சரவு மூண்டதுமுண்டு.

ஆயினும் ஒன்றைக் கருதுக. வடத்தைப் பிடித்து இழுத்தவன் ஊரான். கை காய்த்தது அவனுக்கு. கொம்பு முறிந்த ஓசையைக் கேட்டதும் அவனே. மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் பரவியபோதும் அம்மன் மனங்குளிரவேண்டும் என்பதற்காகவே அவ்விளையாட்டு நடந்தது. எக்கட்சி வென்றாலும், பெய்யும் மழை இரு சேரியார் வயலுக்கும் பொதுவாகவே பெய்யும் என்பது நம்பிக்கை.

கூத்திலும் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை நம்மிடம் உண்டு. எங்கள் அண்ணாவியார் பெரியவரா, உங்கள் அண்ணாவியார் பெரியவரா என்று விடிய விடிய வாதிட்ட பெரியோர் பலர். அவர்கள் வாதிட்டது தாளக்கட்டைப் பற்றி, ஆட்டத்தைப் பற்றி, குரலைப் பற்றி. களரியில் எவ்வளவு பணஞ் சேர்ந்தது என்று கூத்தை அளந்தவர் இலர்.

சினிமா வந்தபின் அளவுகோல் மாறிற்று. முதலில் அது நாட்கணக்காக இருந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பின்னர் எம். ஜி. ஆர்., சிவாஜி காலம் வந்தது. 1964ஆம் ஆண்டுத் தீபாவளியன்று எம். ஜி. ஆரின் 'படகோட்டி'யும் சிவாஜியின் 'நவராத்திரி'யும் ஒரே நாளில் வெளிவந்தன. நாவலப்பிட்டியிற் பிறந்தவர் எம். ஜி. ஆர். என்பதால் இலங்கையில் அவர் கட்சியாருக்கு ஒரு தனிச் செருக்கு. எங்கள் தந்தையார் தலைமுறையில், நூறு நாள் ஓடிற்றா, வெள்ளிவிழாக் கண்டதா என்பதே கேள்வி. அக்கேள்வியிற் சிறிது நியாயமும் இருந்தது. நூறு நாள் ஓடுவதற்கு ஊரார் மீண்டும் மீண்டும் வரவேண்டும், பிறருக்கும் சொல்லவேண்டும்.

அந்த அளவுகோலும் குற்றமற்றதன்று. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் தேதி வெளியான 'சந்திரமுகி' சென்னை சாந்தி படமாளிகையில் எண்ணூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று. படத்தைத் தயாரித்தது சிவாஜி குடும்பத்தாரின் நிறுவனம், படமாளிகையும் அக்குடும்பத்தாருடையதே. படம் பெருவெற்றி பெற்றது மெய். ஆயினும் ஒரு படமாளிகையில் ஓடிய நாட்களை நீட்டுவது யார் கையில் உள்ளது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இப்பொழுது ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளிற் படத்தை வெளியிட்டு, சில வாரங்களில் முதலை எடுத்துவிடுகின்றனர். ஆகவே நாட்கணக்கு ஒழிந்து, முதல் நாட் கோடிக் கணக்கு வந்து சேர்ந்தது.

அக்கோடி என்பது யாது? நுழைவுச்சீட்டை விற்றுப் பெற்ற மொத்தப் பணத்தையே விளம்பரத்திற் காட்டுகின்றனர். அதில் அரசாங்கத்தின் வரி அடங்கும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் 100 ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு வரி 18 சதவீதம். வரி போக, படமாளிகைக்காரர் பங்கு உண்டு. விநியோகஸ்தர் பங்கு உண்டு. எஞ்சுவதே தயாரிப்பாளருக்கு. விநியோகஸ்தர் பெருந்தொகையை முன்னதாகவே கொடுத்துவிட்டிருந்தால், ஊரெங்கும் வெற்றி முழக்கங் கேட்கையில் அவர் வீட்டில் மட்டும் நட்டம் நிற்கும். ரஜினிகாந்தின் 'லிங்கா' 2014 டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதமே விநியோகஸ்தர் சிலர் நட்டத்துக்கு ஈடு கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தனர். இந்தியாவில் எல்லாப் படமாளிகைகளின் வரவையும் ஓரிடத்திற் சேர்த்துப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடும் இல்லை. பொருளை விற்பவன் கூறும் எண்ணை வைத்துக்கொண்டே நம் பிள்ளைகள் போர் புரிகின்றனர்.

பணத்தை அளவுகோலாகக் கொள்வதில் வேறொரு குறையும் உண்டு. அதனை நம் நாட்டாருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை அண்மித்தது. கடைக்காரன் கல்லாவிற் கூடுதலான நோட்டு விழுந்தது. ஆயின் வீட்டுக்கு வந்த அரிசி கூடவில்லை. எண் பெருத்தால் பொருளும் பெருத்ததென்று எண்ணுவது எத்துணைப் பேதைமை என்பதை நாம் பட்டறிந்தோம். வெளிநாட்டில் டொலராக வந்த வசூலை ரூபாயாக மாற்றிச் சொல்லும்போது, ரூபாய் வீழ வீழச் சாதனை தானே உயரும். பார்த்தவர் தொகையோ கூடாது. ஹொலிவூட்டிலும் இதே கதை. பணத்தை அப்படியே எண்ணினால் 2009இல் வந்த 'அவதார்' முதலிடம் பெறும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலோ 1939இல் வந்த 'கோன் வித் த விண்ட்' முன்னுக்கு வந்துவிடும்.

உலகத்தார் எல்லாரும் இவ்வாறு பணத்தை எண்ணுபவர் அல்லர். பிரான்ஸ் நாட்டில் ஒரு படத்தின் வெற்றியைச் சொல்லும்போது, எத்தனை சீட்டு விற்றது என்றே சொல்வர். தென்கொரியாவில் படமாளிகைகளைக் கணினி வலையால் இணைத்து, பார்த்தவர் தொகையை யாவரும் அறிய வெளியிடுகின்றனர். யி சுன்-சின் என்னும் கடற்படைத் தளபதியின் போரைக் காட்டிய படம் ஒன்று அங்கு 2014இல் வெளிவந்தது. அதற்கு விற்ற சீட்டுகள் 1 கோடி 70 இலட்சத்துக்கும் மேல். அந்நாட்டின் மக்கட்டொகையோ ஏறக்குறைய 5 கோடி. அவ்வெண்ணைக் கேட்டால், ஒரு நாட்டு மக்கள் தம் பழங்கதையைக் காணக் குடும்பங் குடும்பமாகச் சென்ற காட்சி கண்முன் நிற்கின்றது. 148 கோடி ரூபாய் என்று கேட்டால் எம்மனிதரின் முகமும் தோன்றுவதில்லை.

இது வெறும் வாய்ப்பேச்சுத்தானே, இதனால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். 2023ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் தேதி அஜித்தின் 'துணிவு', விஜயின் 'வாரிசு' ஆகிய இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. எந்தப் படத்துக்கு எத்தனை படமாளிகை என்பதே பல வாரங்களுக்கு முன்னிருந்து போராக நடந்தது. அன்று அதிகாலை சென்னையில் 'துணிவு' கொண்டாட்டத்தின்போது, வீதியில் மெதுவாகச் சென்ற லொறியின் மேலேறி ஆடிய பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கீழே விழுந்து இறந்தார். அந்நாளின் வசூல் எவ்வளவு என்று இருகட்சியாரும் கணக்கெழுதினர். அக்கணக்கில் அந்தத் தாயின் இழப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? அஜித் தம் ரசிகர் மன்றங்களை 2011ஆம் ஆண்டிலேயே கலைத்துவிட்டவர் என்பதையும் இங்கு நினைக்கவேண்டும். தலைவர் கலைத்தாலும் படை கலையவில்லை. போர் வேண்டியிருந்தது படைக்கே.

ஏன் வேண்டியிருந்தது? தமிழ்நாட்டு இளைஞரைப் பற்றிச் சொல்ல நான் தகுதியுடையேன் அல்லேன். எங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லலாம். 2023இல் உயர்தர வகுப்பிற் படித்தவர் பலர் 2005, 2006ஆம் ஆண்டுகளிற் பிறந்தவர். 2004 டிசம்பர் 26ஆந் தேதி கடல் பொங்கி இக்கரையை அழித்தது. 2006ஆம் ஆண்டின் இறுதியிற் போர் வாகரை மக்களைத் துரத்திற்று. தாயின் இடுப்பிலிருந்தே இடம்பெயர்ந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டிற் கேட்ட கதை எல்லாம் இழந்த கதை: போன வள்ளம், போன வலை, போன உறவு. இத்தகைய பிள்ளைக்கு, எங்கேனும் ஒரு வெற்றியில் தனக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பே. 'நம்மட' என்ற சொல்லின் பொருள் எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. ஆகவே அவனைப் பரிகசித்தல் தகாது. ஆனால் அவனது அந்தப் பசியை அறிந்து, வெறும் எண்ணை உணவாக விற்போர் உளர் என்பதை அவனுக்குச் சொல்லாதிருப்பதும் தகாது.

இதற்கு மாற்று யாது? சினிமாவே வேண்டாம் என்று நான் கூறேன். ஒருநாள் ஓய்வுப் பாடவேளையில், வசூலைப் பற்றிப் பேசாது, கண்ட படம் ஒன்றில் மறவாத ஒரு காட்சியை மட்டுஞ் சொல்லுமாறு மாணவரைக் கேட்டேன். கோடிகளை மடமடவென்று சொன்னவர்கள் வாயடைத்து நின்றனர். சிறிது நேரத்தின்பின், ஒருபோதும் அவ்வழக்கிற் கலவாத ஒரு மாணவி எழுந்தாள். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்ததாகவும், அதன் முடிவில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருப்பதாகவும் சொன்னாள். ஒன்றிற் பால் தேநீர், மற்றதிற் பிளேன்ரீ, இடையில் ஒரு பூ. "அந்த ரெண்டு பேரும் இனிக் கூட்டாளிமாரா சேர்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் இரண்டுபட்டது. ஆவர் என்றனர் சிலர். குவளைகள் வேறாக இருக்கும் வரையில் ஆகார் என்றனர் சிலர். பூவை ஏன் நடுவில் வைத்தார்கள் என்று ஒருவன் கேட்டான். நம் ஊரிலும் தனிக் குவளை இருந்ததா என்று இன்னொருவன் கேட்டான். அதற்கு விடை கூற நான் நெடுநேரம் எடுத்துக்கொண்டேன். கூட்டல் கழித்தலில் வல்லவனாகிய அந்த மாணவனும் எழுந்து வாதிட்டான். மணி அடித்தும் எவரும் எழவில்லை. அப்படத்தின் வசூல் எவ்வளவென்று அன்று ஒருவருங் கேட்கவில்லை.

பெற்றோர்க்கும் மாணாக்கர்க்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே. பிள்ளை படத்தைப் பற்றி வாய் திறந்தால் அதட்டவேண்டாம். எந்தப் படம் வென்றது என்று நாமும் சேர்ந்து கேட்கவும் வேண்டாம். நீ கண்டது என்ன என்று கேட்போம். விடை வருவதற்குச் சிறிது நேரம் செல்லும், பொறுத்திருப்போம். மனிதர் கூடினால் கட்சி பிறக்கும்; அதிற் குற்றமில்லை. அவ்வடத்தில் நம் கையும் இருக்கவேண்டும். முறிவது கொம்பாக இருக்கவேண்டும். ஒரே வாங்கில் இருந்த இருவரின் நட்பாக இருத்தலாகாது.