ஐந்து பைசாப் பார்வை

1979-ல் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில், ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் சொற்பம். அதற்கு மேல், கண்டுபிடிக்கும் பிழை ஒன்றுக்கு ஐந்து பைசா என்று முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. கேஸ்களில் பழைய ‘லை’யும் புது ‘லை’யும் கலந்து கிடந்தன. கம்பாசிட்டரின் கை எதை எடுத்தாலும் எனக்கு லாபம்.

ஒரே மாதத்தில் என் கண் மாறிப்போயிற்று. பக்கத்தை எடுத்தால் வாக்கியம் தெரியாது. தலைகீழாக நின்ற எழுத்து தெரியும், விழுந்த ஒற்று தெரியும், ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் கால் தெரியும். மற்றவை எல்லாம் சாம்பல் நிறப் பரப்பு. தேடித்தான் கண்டுபிடித்தேன் என்றும் சொல்ல முடியாது. பிழைகள் தாமாகவே எழுந்து வந்தன.

அந்தச் சமயத்தில் நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதி அங்கே அச்சுக்கு வந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம், மூன்று ஃபாரம். நான்தான் புரூஃப் பார்த்தேன், மூன்று முறை. கடைசி ஃபாரம் மெஷினுக்குப் போன அன்று டீக்கடையில் நின்றுகொண்டு அவர் கேட்டார்: “எப்படி இருக்கு?”

“மூணாவது ஃபாரம் ரொம்ப மோசம். மொத்தம் முப்பத்தேழு.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு ரூபாய் எண்பத்தைந்து பைசா. அதற்கப்புறம் அவர் என்னிடம் தம் கவிதையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

இது என் கோளாறு மட்டும்தானா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். அல்ஃப்ரெட் யார்பஸ் என்ற சோவியத் ஆராய்ச்சியாளரைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. விழியின் மேல் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சிறு மூடி ஒன்றில் கண்ணாடித் துண்டைப் பதித்து, விழி போகும் தடத்தை ஒளியால் பதிவு செய்தவர் அவர். அவருடைய நூல் 1965-ல் ரஷ்ய மொழியிலும் 1967-ல் ஆங்கிலத்திலும் வந்தது. ரெப்பினின் ஓவியம் ஒன்றை ஒரே ஆளிடம் ஏழு முறை காட்டினார், ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவன் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறான், குடும்பம் திகைத்து நிமிர்கிறது. இதுதான் ஓவியம். முதல் முறை சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு கேள்விகள்: இவர்கள் வயது என்ன? வசதி எப்படி? என்ன உடுத்தியிருக்கிறார்கள்? வந்தவன் எத்தனை காலம் பிரிந்திருந்தான்? வயதைக் கேட்டபோது விழி முகம் முகமாகத் தாவிற்று. வசதியைக் கேட்டபோது பெண்களின் உடைக்கும் மேஜை நாற்காலிக்கும் போயிற்று. ஓவியம் அதேதான், ஆளும் அதே ஆள்தான். கேள்வி மாறினால் பார்வையின் பாதையே வேறு.

விழி கூர்மையாகப் பார்க்கும் இடம், நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தளவுதான். வினாடிக்கு மூன்று முறை அந்த நகத்தை எங்கே வைப்பது என்று யாரோ தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த யாரோவுக்குக் கூலி கொடுப்பது யார்?

கூலி என்பது உபமானம் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-ல் வெளியிட்ட பரிசோதனையில், சிவப்பு அல்லது பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்தால் சில சென்ட் கொடுத்தார்கள், ஒரு நிறத்துக்குக் கூடுதலாக. பிறகு காசை நிறுத்திவிட்டு, வடிவத்தைத் தேடு, நிறத்துக்கு இனி வேலையில்லை என்றார்கள். ஆனாலும் காசு தந்த நிறம் எங்காவது தென்பட்டால் தேடல் தாமதமாயிற்று. பின்னொரு ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வந்தவர்களிடமும் அந்த இழுப்பு இருந்தது. 2013-ல் இன்னொன்று: நுரையீரல் ஸ்கேனில் கட்டிகளைத் தேடிய இருபத்துநான்கு எக்ஸ்ரே நிபுணர்களில் இருபது பேர், படத்துக்குள் வைத்திருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அவர்களில் பலருடைய விழி நேராக அதன் மேலேயே விழுந்திருந்தது.

இதை நமக்குச் சம்பந்தமில்லாத விஞ்ஞானமாக நம்மவர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று தெரியும். ஆனால் நம் வட்டத்தில் பைசாவுக்குப் பதில் வேறு நாணயம் உண்டு: மதிப்புக்குரிய ஒருவரின் தலையசைப்பு. படிமத்துக்குத் தலையசைத்த பருவத்தில் கவிதைகளில் படிமங்கள் எழுந்து வந்தன. அமைப்புக்குத் தலையசைத்த பருவத்தில் அமைப்புகள் வந்தன. அப்புறம் அரசியல் வந்தது. நாமாகக் கண்டதாகவே நினைத்தோம். பருவம் போனபிறகும் பழைய நிறத்துக்குத் திரும்புகிற விமர்சகர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஏசியிருக்கிறேன். அது பிடிவாதம் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

பற்றற்ற தூய பார்வை ஒன்று இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. யார்பஸ் சும்மா பார்க்கச் சொன்னபோதும் விழி தனக்கென்று ஏதோ தேடிக்கொண்டுதான் திரிந்தது. கேள்வி இல்லாமல் பார்வை இல்லை. ஒரே ஓவியத்திடம் ஏழு கேள்வியோடு போகலாம் என்பது மட்டும்தான் மிச்சம். நான் ஒன்றோடு நின்றுவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த மூன்றாம் ஃபாரத்தின் புரூஃப் கிடைத்தது. ஒரு பக்கத்தில் ‘தங்கைகு’ என்றிருந்ததில் சிவப்பு மையால் ‘க்’ சேர்த்திருக்கிறேன். ஓரத்தில் என் கணக்குப் புள்ளி. அந்தக் கவிதை அவருடைய தங்கை இறந்ததைப் பற்றியது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். மூன்று தடவை பார்த்தும், அந்தத் தொகுதியில் அவள் இருந்தது எனக்குத் தெரியாது.

நண்பருக்குக் கடிதம் எழுதினேன். ஒட்டுவதற்கு முன், பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.