வேலி அழகைக் கெடுக்குமா?

புதுச்சேரியில் இப்போது வீட்டிலேயே நீச்சல் குளம் கட்டுவது பெருகிவிட்டது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டால், குளத்துக்கென்று தனி மதிப்பு. என் மகனும் வீட்டுப் பின்புறம் ஒன்று கட்டினான். ஆழம் நாலரை அடி. சென்ற கோடையில் என் மகள் பிரான்ஸிலிருந்து மூன்று வயதுப் பேரனோடு வருவதாக இருந்தது. "அதற்குள் வேலி போட்டுவிடப்பா" என்றேன். "அழகே போய்விடும் அப்பா. இத்தனை பேர் இருக்கிறோம், பார்த்துக்கொள்ள மாட்டோமா?" என்றான்.

பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். வாய்ப் பேச்சைவிடக் காகிதத்தில்தான் எனக்கு நம்பிக்கை. பிரான்ஸில் 2003 ஜனவரி 3-ஆம் தேதி இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதை எடுத்து, அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோலத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

தரையில் தோண்டிக் கட்டிய, திறந்தவெளிக் குளங்களுக்கான சட்டம் அது. வேலி, எச்சரிக்கை மணி, மேல்மூடி, கூண்டுபோன்ற கூரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். 2004 முதல் புதிய குளங்களுக்கும், 2006 முதல் பழைய குளங்களுக்கும் இது கட்டாயம். மீறினால் 45,000 யூரோ வரை அபராதம். வேலி குறைந்தது 1.10 மீட்டர் உயரம் வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை அதைத் தாண்டவோ கதவைத் திறக்கவோ முடியக் கூடாது.

"இது பிரான்ஸ் சட்டமாச்சே" என்றான் மகன். "குழந்தை எங்கேயும் குழந்தைதானே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வெல்டிங் பட்டறைக்குப் போனான். கம்பி வேலி வந்தது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். மருமகள் தன் பங்குக்கு ஒரு விதி போட்டாள்: பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கையில் போன் கூடாது. குளித்து முடித்ததும் பந்து, பொம்மை எல்லாம் வெளியே. தண்ணீரில் மிதக்கும் பொம்மைதான் குழந்தையைக் கூப்பிடும்.

அவர்கள் வந்த நாலாம் நாள் மதியம். எல்லோரும் சாப்பாட்டு வேலையில் இருந்தோம். பின்பக்கம் கம்பி ஆடும் சத்தம். போய்ப் பார்த்தால், பேரன் வேலிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டில் பெரியவர்கள் ஆறு பேர். அவன் வெளியே போனதை ஒருவரும் பார்க்கவில்லை. மகன் ஒன்றும் பேசவில்லை; பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

முங்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? அதனால்தான் காதை நம்பக் கூடாது என்கிறேன்.

குளம் இல்லாத வீட்டுக்காரர்களும் கேளுங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா? கிணற்றுக்கு இரும்பு வலை உண்டா? குளியலறை வாளியைக் கவிழ்த்து வைக்கிறீர்களா? தவழும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. காற்றடைத்த ரப்பர் தொட்டியையும் விளையாட்டு முடிந்ததும் காலி செய்துவிடுங்கள்.

இன்னொன்று. முங்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்துப் பழக்கம். அது வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். நம் வயதிலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதற்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது.