சிறுவன் நாட்டிய அடிக்கல்

சர்வகலாசாலை என்றதும் பட்டமும் அங்கியுமே நம் மனக்கண்முன் நிற்கின்றன. அதன் மடியிலேயே பாலகர்களுக்கும் ஒரு பள்ளி வேண்டும், போதனா முறைகளை அங்கே சோதித்தறிய வேண்டும் என்னும் கருத்தை 1896இல் சிகாகோவில் செயலாக்கிக் காட்டினார் ஜான் டூயி என்னும் அறிஞர். ரசாயனத்திற்குச் சோதனைச்சாலை உண்டெனில் கல்விக்கும் ஒன்று வேண்டுமன்றோ!

அமெரிக்கா கிடக்கட்டும், டில்லி ஜாமிஆ மில்லிய்யாவை நம்மவர் எத்தனை பேர் அறிவர்? 1920இல் அலீகரில் தோன்றி, 1925இல் டில்லிக்குப் பெயர்ந்த அந்நிலையம், கையில் காசின்றித் தத்தளித்த நாட்களிலும் தன் தொடக்கப் பள்ளியைக் கைவிடவில்லை. பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்று 1926இல் திரும்பியவரும், 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவரானவருமான ஜாகிர் ஹுசைன் அவர்களும் தோழர்களும், மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் உழைப்பதென உறுதி பூண்டனர்.

அங்கே அப்துல் கஃப்பார் முத்ஹோலி என்னும் ஆசிரியர், செய்து கற்கும் முறையைத் தொடக்கப் பள்ளியில் வேரூன்றச் செய்தார். பிள்ளைகளுக்கென வங்கி இருந்தது, கடையும் இருந்தது. இத்தகைய கடையில் கழித்தல் கணக்குப் பிழைத்தால் பிரம்பு பேச வேண்டியதில்லை, கல்லாப்பெட்டியே பேசிவிடும்! ஜெர்மனியிலிருந்து வந்த யூதப் பெண்மணி கெர்டா பிலிப்ஸ்பார்ன் அங்கே குழந்தைகளைப் பேணினார். அவர்கள் வாயில் அவர் ‘ஆபாஜான்’. 1943இல் மறைந்த அவருடைய அடக்கத்தலம் ஜாமிஆ மையவாடியிலேயே உள்ளது. 1935 மார்ச் 1ஆம் நாள் ஓக்லாவில் புதுக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்ட நவாபையோ மந்திரியையோ அழைக்கவில்லை. மாணாக்கரில் மிக இளையவனான அப்துல் அஸீஸ் என்னும் சிறுவன் நாட்டினான்.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. ‘அலிஃபு, பே சொல்லிக்கொடுக்கப் பெரிய ஆலிம் எதற்கு? குறைந்த சம்பளத்தில் ஒரு பையனைப் போட்டால் போதாதா?’ என்று ஜமாஅத் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் கேட்டார். அவர்பால் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடில்லை. ‘தர்பியத்’ என்னும் சொல்லின் வேருக்கு வளர்தல் என்பது பொருள். நாற்றங்காலைக் கற்றுக்குட்டியிடம் ஒப்படைக்கும் விவசாயி உண்டோ?

எங்கள் சங்கரன்கோவில் மல்லிகைக்குப் பெயர்பெற்ற ஊர். மக்தபில் ஒரு சிறுமிக்குப் பே, தே, ஸே மூன்றும் மாறி மாறிக் குழம்பின. பலகையில் எழுத்தின் உடலை மட்டும் வரைந்து, மல்லிகை மொட்டுகளைக் கையில் கொடுத்தேன். பேயின் கீழே ஒன்று, தேயின் மேலே இரண்டு, ஸேயின் மேலே மூன்று. இரண்டே நாளில் தெளிந்தாள். மூன்றாம் நாள், ‘ஹழ்ரத், மொட்டு விரிஞ்சிட்டா எழுத்து மாறிடுமா?’ என்று கேட்டாள். முப்பதாண்டு ஓதிக்கொடுத்தும் இப்படியொரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

ஊரிலேயே அனுபவம் மிக்க உஸ்தாதைச் சின்னஞ்சிறார் வகுப்பில்தான் அமர்த்த வேண்டுமென ஜமாஅத்திற்கு எழுதிக் கொடுத்துள்ளேன். வருகிற ஜும்ஆவுக்குப் பின் கூட்டம் மீண்டும் கூடுகிறது.