ஒரு போன்... ஒரு வருஷம்!

கோர்ட் தடை உத்தரவு வந்ததும் ஆம்பளைக்கு முதலில் கோபம் வரும். அடுத்து, கை தானாக போனுக்குப் போகும். எனக்கும் போச்சு. மனைவியைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று உத்தரவு. அவளிடமிருக்கும் மகளுக்கோ மறுநாள் பிறந்தநாள்!

"வாழ்த்து மட்டும் சொல்லிடறேனே, சார்?"

வக்கீல் சிரித்தார். "தாராளமா. 2005 குடும்ப வன்முறைச் சட்டம், 31-வது பிரிவு. ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லே 20,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூட! அவங்களே கூப்பிட்டாலும் உத்தரவை மாத்த வேண்டியது மாஜிஸ்ட்ரேட்தான்."

"அப்ப குழந்தை?"

"21-வது பிரிவு இருக்கே. பார்க்க நேரம் கேட்டு மனுப் போடுவோம்."

போட்டோம். பிறந்தநாளன்று என் செல்போனை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது ஞாயிறுதோறும் ரெண்டு மணி நேரம் மகள் என் மடியில். குழந்தை யாரிடம் என்ற வழக்கு இன்னும் பாக்கி. அங்கே 'உத்தரவை மீறியவன்' என்று என்னை யாரும் சொல்ல முடியாது, ஸார்!