செல்லம் என்று ஒரு சொல்

'பெட்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். மூன்று இங்கிலீஷ் வார்த்தைகள் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று படுக்கை, இன்னொன்று பந்தயம், மூன்றாவது, வீட்டில் கொஞ்சி வளர்க்கும் நாய், பூனை வகையறா. சென்னையிலிருந்து என் பேரன் டெலிபோனில், "தாத்தா, நாங்கள் ஒரு பெட் வாங்கியிருக்கிறோம்!" என்றான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் சகதர்மிணி, "அதுதான் கட்டில் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்றாள். கட்டில் குரைக்காது என்று பேரன் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

அந்த மூன்றாவது 'பெட்'டைப் பற்றி உங்களுடன் சற்றுப் பேச வேண்டும். நாங்கள் திருத்தணிக்காரர்கள். எங்கள் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே தராசில் நிறுக்கப்படும். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிதான் எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லைக் கோடு நகர்ந்ததே தவிர, பாஷைகள் நகரவில்லை. ஆகவே புது வார்த்தை ஒன்று காதில் விழுந்தால், இதற்குத் தமிழில் என்ன, தெலுங்கில் என்ன என்று பார்ப்பது எங்களுக்கு வழக்கம்.

நிற்க. இந்த 'பெட்' எங்கே பிறந்தது தெரியுமா? லண்டன் சீமாட்டிகளின் மடியில் அல்ல. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதியிலும் வழங்கிய நாட்டுப்புறச் சொல் அது. பதினாறாம் நூற்றாண்டிலேயே அங்கே புழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் மற்ற இங்கிலீஷ்காரர்களின் வாய்க்கு வந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் பாஷையில் கிட்டத்தட்ட இதே ஓசையுள்ள சொல் ஒன்று உண்டு. அதற்கும் பழக்கி வளர்த்த பிராணி என்றே பொருள். அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் பலருடைய ஊகம்.

அந்த நாளில் சிறப்பாக எதற்கு இந்தப் பெயர் என்றால், ஓர் ஆட்டுக்குட்டிக்கு! வீட்டுக்குள் கொண்டுவந்து, கையால் பாலூட்டிக் காப்பாற்றிய குட்டிக்கு. கவி வேர்ட்ஸ்வொர்த் 1800-இல் வெளியிட்ட பாட்டு ஒன்றின் தலைப்பிலேயே 'பெட்' ஆட்டுக்குட்டி இருக்கிறது. கவனியுங்கள்: கடையில் வாங்கியது அல்ல, கையால் ஊட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு ஸ்காட்லாந்து நினைவுக்கு வரவில்லை. எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாள்தான் நினைவுக்கு வந்தாள். தெலுங்குக்காரி. நாலைந்து வெள்ளாடுகள் வைத்திருந்தாள். ஓர் ஆடு, குட்டி போட்ட மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. குட்டியைக் கந்தல் புடவையில் சுற்றி, அடுப்பங்கரையில் படுக்க வைத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கும் பால் புட்டியால் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பால் கொடுத்தாள். அது பிழைத்தது. பிழைத்தது மட்டுமா? அவள் பின்னாலேயே ரேஷன் கடை வரைக்கும் போகத் தொடங்கியது!

அந்த அம்மாள் ஆடு விற்றுத்தான் ஜீவனம் செய்தாள். மகனுக்குக் காலேஜில் பணம் கட்ட வேண்டிய சமயம் வந்தது. வியாபாரி வந்தான். மற்ற ஆடுகளில் இரண்டைக் கண் கலங்காமல் ஓட்டி விட்டாள். வியாபாரியின் கண்ணோ கொழுகொழுவென்றிருந்த இந்தக் குட்டியின் மேல்தான். விலையை ஏற்றிக்கொண்டே போனான். அவளுக்குப் பணமும் போதவில்லை. இருந்தாலும், "இதி நேனு பெஞ்சின பிட்ட கதா!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். 'இது நான் வளர்த்த பிள்ளை அல்லவா!' என்று அர்த்தம். குறைந்த பணத்துக்குக் காதுத் தோடு அடகுக்குப் போயிற்று.

தெலுங்கில் வளர்ப்பு நாய் 'பெம்புடு குக்க'. வளர்ப்பு மகன் 'பெம்புடு கொடுக்கு'. தமிழிலும் அப்படித்தானே? நாய்க்கும் மகனுக்கும் முன்னால் அதே 'வளர்ப்பு'. மூன்று பாஷைகளும் பேசி வைத்துக்கொண்டாற்போல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெற்ற உறவு இல்லை. கை கொடுத்த உறவு.

'பெட்' என்பதற்குச் செல்லம் கொடுத்துக் கெட்ட குழந்தை என்ற பொருளும் பழையதுதான். வாத்தியாருக்குச் செல்லமான மாணவனையும் அப்படிச் சொல்வதுண்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோபிப்பதற்கும் இங்கிலீஷில் இதே எழுத்துக்கள்தாம்! செல்லம் வந்தால் சிணுங்கலும் கூட வரும் போலிருக்கிறது. கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால்தான் தணிகை என்று சொல்லும் ஊரில் இருந்துகொண்டு, இதை நான் ரசிக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் ரசிக்க முடியாத காட்சியும் ஒன்று உண்டு. மலையடிவாரத்தில் ஒரு நாயைப் பல நாள் பார்த்தேன். தெரு நாய் அல்ல. நீண்ட ரோமமுள்ள சீமை ஜாதி. கழுத்தில் தோல் பட்டை அப்படியே இருந்தது. கார் ஒன்று வந்து நின்றால் போதும், ஓடிப்போய்க் கதவருகில் நிற்கும். இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரும். யாரோ அழைத்துவந்து, இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அதற்கு எத்தனை செல்லப் பெயர் இருந்ததோ!

பசியாலும் தாகத்தாலும் வதைபடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என்று நமது சட்டமே சொல்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் முன்னின்று முயன்றதன் பலனாக வந்த மிருகவதைத் தடைச் சட்டம் அது. எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அதே 1960-இல்தான் அதுவும் பிறந்தது.

இப்போது சிலர், 'பெட்' என்ற வார்த்தை கௌரவமாக இல்லை, 'தோழமைப் பிராணி' என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். தாராளமாகச் சொல்லட்டும். பெயரை மாற்றுவதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை.

என் பேரனுக்கு மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். "பெட் வாங்கியிருக்கிறோம் என்று சொல்லாதே, அப்பா. நாய்க்குட்டியைத்தான் வாங்கலாம். ராத்திரி அது அழும்போது எழுந்து போய்ப் பார். கிழடாகிப் படுத்த பிறகும் உன் கையால் சோறு வை. அதற்குப் பெயர்தான் பெட்."