மலையடியில் பத்துத் திங்கள்

கருவுற்ற பெண்ணுக்குப் பெயர் வழங்குவதில் நம் தமிழ்மொழி சிறிதும் வறுமை காட்டவில்லை. சூலி என்றும் சூல்மகள் என்றும் நூல்கள் கூறும். பிள்ளைத்தாய்ச்சி என்று ஊரார் கூறுவர். 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்று பாட்டிமார் குரலைத் தாழ்த்திக் கூறுவர். அவளுக்கு எழும் வேட்கைக்கு வயா என்று தனிப்பெயரே உண்டு. ஆனால், அவளுடைய கணவனை அப்பத்துத் திங்களும் எப்பெயரால் அழைப்பது? நிகண்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லும் அகப்படவில்லை. குழந்தை பிறந்தால் அவன் தந்தை. பிறக்கும் வரையில் அவன் யார்?

புறநானூற்றில் பொன்முடியார் என்னும் புலவர், ஒரு மகனை உருவாக்கும் கடமையைத் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்குமாகப் பகிர்ந்தளிக்கிறார். பெறுவது தாயின் பங்கு. சான்றோன் ஆக்குவது தந்தையின் பங்கு. பங்கீடு செவ்வியதே. எனினும், மகவு பிறப்பதற்கு முன்னே கழியும் நாள்களில் தந்தைக்கு என்ன வேலை என்பதை அப்புலவர் கூறாது விட்டார்.

அந்த வேலை இன்னதென்று யான் அறிந்துகொண்டது 1985 ஆம் ஆண்டில். அப்போது எனக்கு அகவை இருபத்தாறு. திருத்தணிக்கு அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். குடியிருப்புத் திருத்தணியில், மலையடிவாரத்துத் தெரு ஒன்றில். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தலையை நிமிர்த்தினால் கோபுரம் தெரியும்.

திருத்தணிகை முருகனுடைய அறுபடை வீடுகளுள் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். சூரனோடு பொருத பெருமானின் சினம் இங்கே தணிந்தமையால் இம்மலைக்குத் தணிகை என்று பெயர் வந்தது என்பர். ஆகவேதான், பிற முருகன் தலங்களில் கந்தசட்டியின்போது சூரசங்காரம் நடைபெற, இங்கே அது நடைபெறுவதில்லை. பெருமானுக்கு மலர் தூவி வழிபடுகிறார்கள். வள்ளியை அவன் மணந்த இடமும் இதுவே என்று புராணம் கூறும். மலைக்குப் படிகள் 365; ஓர் ஆண்டின் நாள்களுக்கு நிகரான எண்ணிக்கை. 

ஊர் எல்லைப்புறத்து ஊர். 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி அதனுள் அடங்கியது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினர். எல்லை திருத்தப்பெற்று, 1960 ஏப்ரல் முதல் நாளில் ஊர் தமிழர் பக்கம் வந்து சேர்ந்தது. ஆனால், தெருக்களில் எவரும் கோடு கிழிக்கவில்லை. எங்கள் எதிர்வீட்டு மூதாட்டியார் தெலுங்கு பேசுபவர். என் தாயார் தமிழ் பேசுபவர். குழாயடியில் தொடங்கி ஊறுகாய் வரையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றே ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்த கருத்தினர்: மனைவி கருவுற்றிருக்கும்போது கணவன் மலை ஏறலாகாது!

இது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் விலக்கு. அவன் கடலாடலாகாது, பிணம் சுமக்கலாகாது, மயிர் களையலாகாது, மலையும் ஏறலாகாது. வேறோர் ஊரானுக்கு இவ்விலக்கினால் இழப்பு ஒன்றும் இல்லை. கிருத்திகைதோறும் தவறாது மலையேறி வந்த திருத்தணியானுக்கோ இது பெருந்தண்டனை. எந்தக் காலத்தில் ஒருவன் கடவுளை மிகுதியாக நாடுவானோ, அந்தக் காலத்திலேயே அவனைக் கோயிலுக்குப் போகாதே என்று தடுப்பது என்ன நியாயம்?

"படியேறினால் அல்லவா குற்றம்? மேலே செல்வதற்குச் சாலை இருக்கிறதே, வண்டியில் போய் வருகிறேன் அம்மா" என்றேன்.

"வண்டியில் ஏறினாலும் மலை மலைதானப்பா. முருகன் எங்கும் போய்விட மாட்டான். நீ அடிவாரத்தில் நின்று கும்பிடு, முதற்படியை வேண்டுமானால் தொட்டுக்கொள்" என்று என் தாயார் தீர்ப்பு அளித்தார். இலக்கணம் பயின்றவன் அத்தீர்ப்புக்கு விடை காண இயலாது வாய் மூடினேன்.

என் மனைவி இளமையிலேயே தாயை இழந்தவள். முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் அவளுக்கு வாய்க்கவில்லை. என் தாயாரே அவளுக்கும் தாயாராக இருந்தார். நான்காம் திங்களில் ஒருநாள், அவள் கொல்லைச் சுவரின் மண்ணை நகத்தால் சுரண்டி ஒருவரும் அறியாமல் உண்பதைக் கண்டேன். எனக்குத் திடுக்கிடவில்லை, உவகையே உண்டாயிற்று. ஏனெனில், சேரமான் ஒருவனைக் குறுங்கோழியூர் கிழார் புகழ்ந்த புறப்பாட்டு உடனே நினைவுக்கு வந்தது. அவன் நாட்டு மண்ணைப் பகைவர் எவரும் கொள்ள இயலாது; கருவுற்ற மகளிர் வயாவினால் விரும்பி உண்பதே அம்மண்ணுக்கு நேரும் குறை என்பது அப்பாட்டின் கருத்து. ஈராயிரம் ஆண்டுப் பழமையான காட்சியை என் வீட்டுக் கொல்லையில் கண்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

மறுவாரம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது இதனையும் மருத்துவ அம்மையாரிடம் பெருமையோடு கூறினேன். அவர் நகைக்கவில்லை. என் மனைவியின் கீழிமையை விலக்கிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், குருதியைச் சோதிக்கச் சொன்னார். "மண் தின்னும் ஆசை குருதியில் இரும்புச்சத்துக் குறைந்ததற்கு அறிகுறியாகவும் இருக்கலாம் ஐயா. இவருக்கு இரத்தசோகை இருக்கிறது. பேற்றின்போது சிறிது குருதி மிகுதியாகப் போனாலும் இந்த உடம்பு தாங்காது" என்றார். அன்றுமுதல் அப்புறப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்நாட்டு மகளிரை எண்ணி எனக்கு ஒரு கவலை தோன்றும். உரையாசிரியர்கள் இதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது அவர்கள் வேலையும் அன்று.

பிறகு என் நாள்கள் மாறின. விடியுமுன் எழுந்து தெருக்குழாயில் நீர் பிடித்து வருவேன். குடத்தோடு நிற்கும் ஆடவன் யான் ஒருவனே. பெண்கள் தங்களுக்குள் ஏதோ கூறிச் சிரிப்பர். கொல்லையில் நின்ற முருங்கையில் கீரை பறித்து உருவிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுவேன். முகத்தில் தாடி வளர்ந்தது. மாணாக்கர் என்னைத் தவம் செய்யும் முனிவர் என்றனர். ஆசிரிய நண்பர்கள் கடன் தொல்லை என்றனர். மாலையில் வரும்போது வெல்லமும் கேழ்வரகும் வாங்கி வருவேன். இரவு உணவுக்குப் பின் அவள் இரும்புச்சத்து மாத்திரை ஒன்று விழுங்க வேண்டும். அது அவளுக்குக் குமட்டலைத் தந்தது. முந்தானையில் முடிந்துவைத்து மறுநாள் எறிந்துவிடப் பார்ப்பாள். ஆகையால், அவள் விழுங்கும் வரையில் எதிரே அமர்ந்திருப்பேன். விழுங்கியதும் கதவின் பின்புறம் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுவேன். நூறு மாத்திரைகள்; நூறு கோடுகள். "மலைப்படி ஏற முடியாதவர் கதவில் படி கட்டுகிறார்" என்று என் மனைவி என்னைக் கேலி செய்வாள்.

பொழுது சாய்ந்ததும் சரவணப் பொய்கையில் கால் அலம்பி, முதற்படியில் கற்பூரம் ஏற்றி நிற்பேன். ஆடிக்கிருத்திகை வந்தது. இரு மாநிலத்து மக்களும் பூக்காவடி தூக்கித் திரள் திரளாக வந்தனர். அரோகரா என்னும் ஒலிக்கு இரு மொழியிலும் ஒரே பொருள். மஞ்சள் ஆடையும் மலர்க்காவடியும் மலைமேல் ஆறுபோல் ஏறிச் செல்ல, யான் கீழே தண்ணீர்ப்பந்தலில் நீர்மோர் வார்த்துக்கொண்டிருந்தேன். மனம் மட்டும் முன்னூற்றறுபத்தைந்து படியும் ஏறி இறங்கியது.

இவ்வூருக்குத் தந்தையரின் வேண்டுதலோடு பழந்தொடர்பு உண்டு. தணிகைப்புராணம் பாடிய கச்சியப்ப முனிவரிடம் பாடம் கேட்டவர் திருத்தணிகைக் கந்தப்பையர். அவர் தம் மைந்தர் இருவருக்கும் விசாகப்பெருமாள், சரவணப்பெருமாள் என்று முருகன் பெயர்களையே இட்டார். அவ்விருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதியும் பழைய நூல்களைப் பதிப்பித்தும் தமிழுக்குப் பணி புரிந்தனர்.

இசைவாணர் முத்துசாமி தீட்சிதரின் வரலாறு இன்னும் சுவை மிக்கது. அவர் தந்தையார் இராமசாமி தீட்சிதர் நாற்பது அகவை வரையில் மகப்பேறு இன்றி வருந்தினார். மனைவியாரோடு வைத்தீசுவரன் கோயிலை அடைந்து நோன்பு காத்தார். 1775 இல் பிறந்த மகனுக்கு அத்தலத்து முத்துக்குமாரசுவாமியின் பெயரையே சூட்டினார் என்பர். அம்மகன் வளர்ந்து திருத்தணிகை மலைக்கு வந்தபோது முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், அவருடைய முதற் கீர்த்தனை அப்போது பிறந்தது என்றும் இசையுலகம் போற்றுகிறது. தந்தை ஒரு முருகன் தலத்தில் கேட்டதற்கு மகன் மற்றொரு முருகன் தலத்தில் பாட்டால் நன்றி கூறினார் போலும்! இவ்வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தோன்றும். கரு உண்டாவதற்கு முன் அத்தந்தையார் காத்த நோன்பைக் கூறுகிறார்கள். மகன் பிறந்தபின் இட்ட பெயரைக் கூறுகிறார்கள். இடையில் கழிந்த பத்துத் திங்களில் அவர் இரவில் உறங்கினாரா என்பதை ஒருவரும் கூறவில்லை.

எட்டாம் திங்களில் மருத்துவ அம்மையார் மீண்டும் குருதியைச் சோதித்தார். முன்னிலும் தேறியிருந்தது, ஆயினும் முழுதும் தேறவில்லை. குருதி ஏற்றும் வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் பேறு நிகழ்வதே நல்லது என்று எழுதிக் கொடுத்தார். அவ்வாறே மார்கழி பிறந்ததும் நாங்கள் மூவரும் இரயிலேறி அண்டை நகரத்துக்குச் சென்று, உறவினர் வீட்டில் தங்கினோம். 

வலி கண்டது ஒரு நள்ளிரவில். ரிக்ஷாவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். கதவு மூடிற்று. யானும் என் தாயாரும் வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். விடியற்காலையில் குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை என்றார்கள். என் தாயார் கைகூப்பினார். ஆனால், கதவு திறக்கவில்லை. உள்ளே விரைந்து நடக்கும் காலடி ஓசை கேட்டது. சற்று நேரத்தில் செவிலியர் ஒருவர் வெளியே வந்து, "கணவர் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இருக்கிறேன்" என்று எழுந்தேன்.

குருதிப்போக்கு நிற்கவில்லை, உடனே குருதி வேண்டும் என்றார். என் குருதியைச் சோதித்தனர். இருவர் குருதியும் ஒரே வகை. படுக்கவைத்துக் கையில் ஊசி ஏற்றினர். யான் நாள்தோறும் ஓதிய பாடல்கள் எத்தனையோ. அவற்றுள் ஓரடியும் அப்போது நாவில் எழவில்லை. புட்டியில் சிவப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகளை எண்ணினேன். எத்தனை வரை எண்ணினேன் என்பது நினைவில் இல்லை. வெயில் ஏறியபின், "பிழைத்துக்கொண்டார், அந்த மாத்திரைகளை ஒழுங்காக உண்டிராவிட்டால் இவ்வளவும் தாங்கியிரார்" என்று மருத்துவர் கூறினார். என் தாயார் என் தாடியைத் தடவி அழுதார்.

மலையேறலாகாது என்ற விலக்கை வகுத்தவர் எவரோ, யான் அறியேன். கருவைப் பற்றிய அச்சமே அதற்குக் காரணம் என்று சிலர் கூறுவர். கடலும் மலையும் மனிதனை நெடுந்தொலைவு இழுத்துச் சென்றுவிடும். மனைவிக்கு ஆபத்து நேரும் வேளையில் அவன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று முன்னோர் கருதினர் போலும் என்பது என் எண்ணம். செவிலியர் கேட்ட வினாவுக்குப் பிறகுதான் இவ்வெண்ணம் எனக்கு உண்டாயிற்று. இக்காலத்தில் 108 என்று தொலைபேசியில் அழைத்தால் ஊர்தி வாயிலுக்கே வருகிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் இவ்வசதி உண்டு. எனினும், கதவைத் திறந்து வரும் செவிலியர் கேட்கும் வினா அன்று கேட்டதேதான்.

டிசம்பர் 31 ஆம் நாள், துணிமணிகள் எடுத்துவரத் திருத்தணிக்குச் சென்றேன். அன்று படித்திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் துரைமாரைக் கண்டு வணங்குவதை விடுத்து முருகனை வணங்குக என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917 இல் தொடங்கிவைத்த விழா அது. படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழ் பாடி அன்பர்கள் மேலே செல்வர். எனக்கோ பிறப்புத் தீட்டு; அன்றும் ஏற இயலவில்லை! எங்கள் தெருவிலேயே நின்று, கற்பூரச் சுடர்கள் ஒவ்வொன்றாக மலைமேல் ஏறிச் செல்வதைப் பார்த்தேன். பின்பு பையைத் தூக்கிக்கொண்டு இரயிலடிக்கு நடந்தேன்.

மாசித் திங்களில் நால்வரும் மலையேறினோம். தாடியை மழித்திருந்தேன். என் மனைவிக்கு உடல் முழுதும் தேறாமையால் பத்துப் படிக்கு ஒருமுறை அமர்ந்தாள். அவள் அமர்ந்த இடத்திலெல்லாம் எதிர்வீட்டு மூதாட்டியார் கட்டிக்கொடுத்த புளியோதரை மணத்தது. மகளுக்கு வேலவன் மணந்த குறமகளின் பெயரையே இட்டிருந்தோம். சந்நிதியில் மணி ஒலித்தது, தீபம் காட்டினர், கூட்டம் அரோகரா என்று முழங்கியது. என் தோளில் கிடந்த குழந்தை கண் விழிக்கவே இல்லை.