சாயம் ஏற்கும் துணி

முத்தமிழ் விழா நெருங்கும்போதெல்லாம் நம் துறை மாணவ மணிகள் ஒரே வகைச் சட்டை அச்சிட்டு அணிய விழைகின்றனர். வண்ணம் யாது, துறையின் பெயரை எங்குப் பொறிப்பது என்று நாள் முழுதும் வாதிடுவோர், எத்துணியில் அச்சிடுவது என்பதைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றனர். முதலில் தீர்க்கவேண்டியது அதுவே என்போம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் பழைய முறை அருகிவிட, மெழுகச்சு அங்குப் பரவியது. உருக்கிய மெழுகில் அச்சைத் தோய்த்துப் பருத்தித் துணியில் ஒற்றிச் சாயத்தில் முக்குவர். மெழுகு படிந்த இடம் சாயம் ஏற்காது. பின்னர்க் கொதிநீரில் அலச, மெழுகு நீங்கிக் கோலம் வெளிப்படும். சாயநீர் சூடாயின் மெழுகு இளகிவிடும். குளிர்ந்த நீரிலேயே சாயத்தை ஏற்கவல்ல பருத்தியால்தான் இவ்வேலை நடைபெறுகிறது. பாலியெஸ்டரை ஆழ்ந்த நிறம் ஏற்கச் செய்ய, அழுத்தக் கலத்தில் 130 பாகை செல்சியஸ் அளவில் வேகவைப்பது வழக்கம். அவ்வெப்பத்தில் மெழுகு ஏது, கோலம் ஏது!

பாலியெஸ்டரைப் பழிப்பது நம் நோக்கமன்று. பலவண்ணப் படத்தைத் தாளிலிருந்து சூட்டழுத்தத்தால் துணிக்கு மாற்ற அதுவே ஏற்றது. சுருங்காது, விலையும் குறைவு. அவ்விலைக் குறைவை எளிதில் ஒதுக்கவும் இயலாது. விழாச் சட்டைக்குப் பணம் கேட்கையில் முகம் வாடும் பிள்ளைகள் நம் வகுப்பில் உளர். ஆயினும் நம் சமவெளியின் கோடையில் வியர்வையை உறிஞ்சாத சட்டையை விழாவுக்குப் பின் எவர் அணிவர்?

ஆகவே வண்ணத்தைக் குறைக்கச் சொன்னோம். ஸ்கிரீன் அச்சில் வண்ணத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்; சட்டம் குறைந்தால் கூலி குறையும், அத்தொகை பருத்திக்கு உதவும். பருத்தி என்று கூறிக் கலப்புத் துணி விற்போரும் உண்டு. ஓரத்து நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

துணியை ஆராய்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஆடவர்க்குப் பட்டு விலக்கப்பட்டமையால், உடலில் பருத்தியும் வெளியே பட்டும் அமைய நெய்த துணி ‘மஷ்ரூ’ எனப்பட்டது. அனுமதிக்கப்பட்டது என்பது அச்சொல்லின் பொருள். குஜராத்தின் பாட்டன் நகரம் அதற்குப் பெயர்பெற்றது.

இவ்வாண்டு மாணவர் ஒரே நீலம் போதுமென முடிவுசெய்து வெள்ளைப் பருத்தி வாங்கியுள்ளனர். கஞ்சி தங்கிய துணியில் சாயம் ஊன்றாது என்பதால், தைக்குமுன் அதனை அலசக் கொடுத்திருக்கின்றனர்.